ஹார்லன் ட்வெய்ட் பிசைந்த மெழுகு

எங்கள் பக்கத்தில் பனிக்காலக் காலையில் சாலை திறந்திருந்தால் அதற்குக் காரணம் ஹார்லன் ட்வெய்ட். மொன்டானாவின் நடுவில், மலைக்கும் கோதுமை வயலுக்கும் இடையில் கிடக்கிற ஊர் இது. விழுந்த பனியைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து சாலையின் குறுக்கே சுவர் எழுப்பிவிடும். ஹார்லன் விடியுமுன்பே பனி தள்ளும் லாரியோடு கிளம்பிவிடுவார். தபால்காரியான நான் அவருடைய பின்விளக்கைப் பார்த்தபடியே என் வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன். யாராவது நன்றி சொல்ல வாயெடுத்தால், "அட, நான் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாமா? அதுக்குத்தான் தள்ளினேன்" என்று லாரிக் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

கோடை வந்துவிட்டால் அவருக்கு வேறு பித்து. பழைய காலத்து மாதிரியில் செய்த நீளத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போகும். வெடிமருந்தும் பழைய கருப்பு மருந்துதான். குண்டை அவரே கொட்டகையில் ஈயம் உருக்கி வார்ப்பார். இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, கடைசியாக எதிர் மலைச்சரிவில் செம்மறிக்கடா என்று எங்கள் துப்பாக்கி கிளப் மைதானத்தில் சுடுவதற்கான குறிகள் வரிசையாக நிற்கும். சுடுகிறவர் பக்கத்தில் தொலைநோக்கியோடு ஒருவர் உட்கார்ந்து காற்றைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஹார்லனுக்கு அந்த ஆள் நான்.

வார்த்த குண்டைச் சுற்றி வளையம் வளையமாகப் பள்ளம் இருக்கும். அதில் மெழுகும் கொழுப்பும் கலந்த மசகை அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஈயம் துப்பாக்கிக் குழாய்க்குள் அப்பிக்கொள்ளும். மருந்தின் கரி காய்ந்து கெட்டியாகிவிடும். அப்புறம் குண்டு எங்கே போகிறது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஹார்லன் ரொம்ப நாள் தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைத்தான் உருக்கிக்கொண்டிருந்தார். முதல் சில குண்டுகள் ஒழுங்காகப் போகும், பிறகு கடாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புழுதி கிளம்பும்.

ஒருநாள் டெல்பர்ட் யோகம் அந்தக் குண்டில் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். டெல்பர்ட் தேனீ வளர்ப்பவர். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"யோவ், இது உதிருதுய்யா. தேன்மெழுகு போடு. ஒட்டினா விடாது."

"ஓசியில குடுப்பியா?"

"என் வீட்டுப் பாதையில பனி தள்ளுறியே, என்னிக்காவது கூலி கேட்டியா?"

அன்று தொடங்கியது அவர்கள் சிநேகம். வருஷா வருஷம் தேன் எடுத்தபின் டெல்பர்ட் ஒரு மெழுகுக் கட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வருவார். ஹார்லன் அதில் ஆட்டுக்கொழுப்பு சேர்த்து உருக்குவார். வெயில் காலத்துக்குக் கொழுப்பு குறைவு, குளிருக்குக் கொஞ்சம் கூட. அவர் மனைவி ஆர்டித், "எங்க வீட்ல கேக்குக்குப் பக்குவம் பாத்ததை விட இதுக்குத்தான் அதிகம் பாத்திருக்கோம்" என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

ஒரு பிப்ரவரி காலை. வழக்கம்போல அவர் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். லாரி மெதுவாக ஓரம் கட்டியது. பனி தள்ளும் தகடு மேலே தூக்கப்பட்டது. ஆபத்து விளக்கு எரிய ஆரம்பித்தது. ஏதாவது மான் குறுக்கே வந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் இறங்கவே இல்லை. போய்க் கதவைத் திறந்தால், வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை மடியில் செத்துக் கிடக்க, இடது கையால் கைபிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பு போய்க்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெரிய வண்டியை யார்மேலும் இடிக்காமல் நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்தது நான்தான்.

அவர் லாரியின் ரேடியோவில் கத்தி ஆம்புலன்ஸ் வரவழைத்தேன். பில்லிங்ஸ் நகர ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். ஏப்ரலில் வீட்டுக்கு வந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை விரல் மடங்கவில்லை, தொட்டால் தெரியவும் இல்லை. பேச்சுதான் விநோதமாகிவிட்டது. எதைக் கேட்டாலும் "பனி" என்றார். காபி வேண்டுமென்றாலும் பனி, நாயைக் கூப்பிடவும் பனி.

"பரவாயில்ல, வேற ஏதாவது கெட்ட வார்த்தை வந்து மாட்டியிருந்தா பாதிரியார் முன்னாடி என் மானம் போயிருக்கும்" என்றாள் ஆர்டித். சிரித்தாள். பிறகு அடுப்பங்கரைக்குள் போய் நெடுநேரம் வரவில்லை.

கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வாரம் ஒரு தடவை ஒரு பெண் வந்தாள். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். அவள் வண்டி தெருமுனை திரும்பியதும் ஹார்லன் அதை இடது கையால் நாய்க்கு வீசிவிடுவார். நாய்க்குத்தான் நல்ல பயிற்சி கிடைத்தது.

அப்படி ஒரு வாரத்தில்தான் டெல்பர்ட் வந்தார். நோயாளி வீட்டில் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. கையில் போன வருஷம் மிஞ்சிய மெழுகு. வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் வெயிலில் கிடந்ததால் இளகியிருந்தது. ஒரு உருண்டையைக் கிள்ளி ஹார்லனின் வலது கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டு, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். ஹார்லன் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தபடியே இருந்தாராம்.

மறுநாள் தபால் கொண்டுபோனபோது ஆர்டித் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"லோர்னா, இங்க பாரேன். ராத்திரி பூரா கையிலயே வச்சிருந்திருக்காரு. இது என்ன, சொல்லு?"

மெழுகில் ஒரு பள்ளம். லேசானதுதான். ஆனால் பெருவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது.

"நீ அமுக்கினியா?"

"நான் ஏன்டி அமுக்கப் போறேன்!"

அன்றே அவள் அடுப்பில் தண்ணீர் வைத்து, அதற்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி மெழுகை உருக்கினாள். கொழுப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. ஹார்லன் நாற்காலியில் உட்கார்ந்து "பனி! பனி!" என்று கத்தினார். போதும் என்கிறாரா, இன்னும் என்கிறாரா என்று புரியாமல் அவள் கரண்டியைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். முதல் கலவை வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. அதுவே நல்லதாய்ப் போயிற்று. அந்த மெத்தென்ற கலவை மட்டும்தான் அவர் விரலுக்கு வசப்பட்டது. வெதுவெதுப்பாக இருக்கும்போது பிசைவார், ஆறினால் அவள் மறுபடி சூடுபண்ணித் தருவாள். கை கொஞ்சம் தேறியதும் மெழுகைக் கூட்டினாள்.

பயிற்சிப் பெண் வந்து பார்த்தாள். அவளிடம் திட்டு வாங்கத் தயாராக நின்றாள் ஆர்டித்.

"எங்க ஆஸ்பத்திரியிலயும் விறைச்ச கைக்குச் சூடான மெழுகுதாங்க வைக்கிறோம்" என்றாள் அந்தப் பெண். "ஆனா இது ரொம்ப நல்ல வாசனையா இருக்கே! தாத்தா, அந்தப் பந்து எங்க?"

ஹார்லன் நாயைப் பார்த்தார்.

மே மாதத்தில் குண்டுகளை மேசையில் கொட்டச் சொல்லிச் சைகை காட்டினார். ஒவ்வொன்றையும் இடது கையில் பிடித்து, வலது சுட்டுவிரலால் பள்ளத்தில் மசகைத் தடவினார். ஒரு குண்டு முடிக்க ஒரு காபி ஆறிவிடும். ஒரு சாயங்காலம் நான் பக்கத்தில் இருந்தேன். பாத்திரத்தைச் சுட்டிக்காட்டி, முகமெல்லாம் சிவக்க, உதட்டைக் கூட்டிக் கூட்டி, "மெ... மெ... மெழுகு" என்றார். ஆர்டித் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சொல் வந்தது.

ஜூலைப் போட்டிக்கு அவரைக் கூட்டிப்போனோம். நின்று சுடவேண்டிய கோழி அவரால் முடியாது. மற்றதெல்லாம் உட்கார்ந்து, குறுக்குக் கம்பில் குழாயைச் சாய்த்துச் சுடலாம். கடாவுக்கு அவர் முறை வந்தது. நான் காற்றைச் சொன்னேன். வலது சுட்டுவிரல் விசையைத் தேடிப் பிடித்து இழுத்தது. வெடித்தது. குண்டு கடாவுக்கு முன்னாலேயே மண்ணில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது அதைவிட மோசம்.

"கண்ணு போச்சா, கை போச்சா?" என்றேன்.

ஹார்லன் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துத் தடவிப் பார்த்தார். விரலில் பிசுபிசுத்தது. அவை கை தேறாத நாளில் ஆர்டித்தின் அந்த மெத்தென்ற கலவையைத் தடவிய குண்டுகள். அன்றைய வெயிலில் கொழுப்பு இளகி மருந்துக்குள் இறங்கி அதன் வேகத்தைக் கெடுத்துவிட்டது.

"ஆர்டித்... சமையல்" என்றார், தெளிவாக.

பின்னால் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆர்டித் தன் கைப்பையைத் திறந்தாள். "இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் கெட்டி மெழுகு தடவினதைத் தனியா எடுத்து வச்சேன். என்னைக் குத்தம் சொல்லாம சுடு மனுஷா!"

அவள் பையிலிருந்து எடுத்துக்கொடுத்த தோட்டாக்களில் ஒன்று கடாவின் வயிற்றில் பட்டது. பட்ட சத்தம் எங்களுக்கு வந்து சேருமுன்பே தொலைநோக்கியில் கடா சாய்வதைப் பார்த்துவிட்டேன். அவர் தோளைத் தட்டினேன். அன்று பரிசு வேறு யாருக்கோ. யாருக்கு என்பது எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கொண்டுவந்த சாப்பாட்டை நீள மேசையில் பரப்பி உட்கார்ந்தோம். ஹார்லன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாழ்நாளெல்லாம் பிறர் நன்றியைக் கேட்கப் பிடிக்காமல் கண்ணாடியை ஏற்றிய மனிதர். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஆர்டித். லோர்னா. டெல்பர்ட். பெயர்களுக்கு நடுவில் நீண்ட இடைவெளி. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, பொறுமையாக இருந்தோம். "அப்புறம்... தேனீ" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். டெல்பர்ட் தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி ஓட்ட அவருக்கு மறுபடி அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டில் டெல்பர்ட்டின் கொட்டகையில் தேனடைகளின் மேல்மூடியைச் சீவி மெழுகு எடுக்கிற வேலைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். இரண்டு பேரும் பேசாமல் வேலை செய்கிற அழகைப் பார்க்கவே சிலர் போவார்கள். ஒரு மத்தியானம் நான் டெல்பர்ட் வீட்டுத் தபால் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது ஹார்லன் கொட்டகையிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வேகவேகமாக வந்தார். தொட்டால் தெரியாத அந்த வலது கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். புறங்கை புடைத்துச் சிவந்திருந்தது.

"என்னய்யா ஆச்சு?"

"கொட்டிடுச்சு, லோர்னா!" கண்ணில் நீர் வழிய வழிய அவர் சிரித்தார். "வலிக்குது! நல்லா வலிக்குது!"