இருபத்துமூன்று பேர் விட்ட ஒரே பிழை

யோகமலர் டீச்சர் காலமான செய்தி செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாடசாலைத் தொலைபேசியில் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தங்கை பேசினார். முதல்நாளே தகனம் முடிந்துவிட்டதாம். முடிந்திராவிட்டாலும், யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடக்கும் இந்த நாட்களில் நம்மில் யாரும் போயிருக்க முடியாது. மாத்தளையில் பதினேழு வருடம் அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்த நாங்கள் அதிபரின் மேசையைச் சுற்றி நின்று செய்தியைக் கேட்டோம். மணி அடித்ததும் வகுப்புகளுக்குப் போனோம்.

அவரோடு படிப்பித்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வந்த புதிதில் அவர் யாழ்ப்பாணப் பேச்சில் "என்ன செய்யிறியள்?" என்று கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார், பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. நானும் அவரும் கணிதம். விடைத்தாளை முதலில் பென்சிலால் திருத்துவார். சிவப்புப் பேனாவைக் கடைசியில்தான் எடுப்பார். நான் நேரே சிவப்பில் தொடங்குகிறவன்.

நான் எழுத வந்தது ஒரு பரீட்சையைப் பற்றி. பட்டணத்தில் நடக்கவிருந்த விசேட கணித வகுப்புக்குப் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளைத் தெரிவு செய்வதற்காக, பல பாடசாலைகளுக்கும் பொதுவாக நடத்திய பரீட்சை அது. அதில் ஒரு கேள்வி: (2, 3) என்ற புள்ளியினூடாக, y = 2x + 1 என்ற கோட்டுக்குச் சமாந்தரமான கோட்டின் சமன்பாட்டைக் காண்க, வரைபுத்தாளில் வரைந்தும் காட்டுக. சரியான விடைக்குப் பத்துப் புள்ளிகள். அனுப்பப்பட்ட விடைத்திட்டத்தில் y = −½x + 4 என்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் இருபத்துமூன்று பேர் y = 2x − 1 என்று எழுதியிருந்தார்கள். நான் விடைத்திட்டத்தைப் பார்த்து இருபத்துமூன்று தாள்களிலும் சிவப்பால் வெட்டினேன். கேள்வியை நான் செய்து பார்க்கவே இல்லை.

இரண்டாம் முறை திருத்த வேண்டியவர் டீச்சர். நாலைந்து தாள்களைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் ஒரே பிழையை விடமாட்டினம், சேர். பிழை வேறெங்கையோ இருக்கு."

அடுத்த பாடசாலையிலிருந்து சிங்களத் தாளை வாங்கிவந்து பார்த்தார். அதில் 'லம்ப' என்றிருந்தது. செங்குத்து. தமிழாக்கியவர் சமாந்தரம் என்று போட்டுவிட்டார். இணையாகப் போகும் சமாந்தரக் கோட்டுக்குப் படித்திறன், அதாவது சாய்வு, அதே இரண்டு. செங்குத்துக் கோட்டுக்கு அது கழித்தல் அரை. தமிழில் என்ன கேட்கப்பட்டதோ, அதற்குப் பிள்ளைகள் சரியாகவே விடை எழுதியிருந்தார்கள்.

புள்ளிகளை அனுப்ப அடுத்த நாள்தான் கடைசி. பரீட்சையை நடத்திய அலுவலகத்துக்குத் தாள்களோடு நேரில் போகலாம் என்றார். பாதையெல்லாம் சோதனைச்சாவடி இருந்த காலம். அதற்கு முந்தின மாதம்தான் என் மைத்துனனை ஒரு சாவடியில் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்து விட்டிருந்தார்கள்.

"வேணாம் டீச்சர். இந்த நேரத்துல போய் எதுக்கு வம்பு? பத்து மார்க்ஸ்தானே" என்றேன்.

அவர் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். மறுநாள் காலை தனியாகவே பஸ் ஏறினார்.

அலுவிகாரைக்குக் கிட்ட பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். டீச்சரின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். பையைத் திறந்தால் கட்டம் போட்ட தாள்கள், கோடுகள், எண்கள். ஒரு சிப்பாய் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாராம். கோடுகள் அச்சொட்டாகப் பொருந்தின. அதனால் சந்தேகம் கூடிவிட்டது. ஒரே இடத்தின் வரைபடத்துக்கு எதற்காக இருபத்துமூன்று பிரதிகள் என்று கேட்டாராம். பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

டீச்சர் சிங்களத்தில் விளக்கினார். புதுத்தாளில் ஒரு புள்ளியை வைக்கச் சொல்லி, சிப்பாய் வைத்த புள்ளியினூடாகக் கோடு போட்டு, சமன்பாட்டையும் எழுதிக் காட்டினார். அந்தச் சிப்பாய்க்கு ஊர் லக்கல. பஸ் இல்லாத ஊர் என்று எந்தக் கணித ஆசிரியரும் அங்கே தங்குவதில்லையாம், இதெல்லாம் தான் படித்ததே இல்லை என்றாராம். பிறகு வந்த அதிகாரி, டீச்சர் போகலாம், தாள்கள் மட்டும் இருக்கட்டும் என்றார். டீச்சர் போகவில்லை. அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளையளின்ர பேப்பரை விட்டிட்டு நான் எங்க போறது? அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னனான்" என்று பிறகு என்னிடம் சொன்னார். மூன்று மணித்தியாலம் கழித்துத் தாள்களைக் கொடுத்தார்கள்.

அலுவலகம் பூட்டுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். பொறுப்பானவர் இரண்டு வினாத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதை ஏற்றுக்கொண்டால் எல்லாத் தமிழ்ப் பாடசாலைகளின் தாள்களையும் மறுபடி திருத்த வேண்டிவருமே என்றார். அப்படியென்றால் திருத்துங்கள் என்று டீச்சர் சொன்னார். திருத்தினார்கள். எங்கள் பாடசாலையிலிருந்து எட்டுப் பேர் அந்த வகுப்புக்குப் போனார்கள். தவறு நடந்ததாக யாரும் ஒரு வரி எழுதி அனுப்பவில்லை. டீச்சரும் அதைக் கேட்கவில்லை.

என்னிடம் மட்டும் ஒன்று கேட்டார். திங்கட்கிழமை காலை, நான் வெட்டிய தாள்களை என் கையில் தந்து, "நீங்களே பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, சேர்" என்றார்.

வகுப்பில் நின்று, "நீங்க எழுதினதுதான் சரி. நான் செஞ்சு பாக்காம வெட்டிட்டேன்" என்றேன். அத்தனை வருடப் படிப்பிப்பில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தி, அப்படியென்றால் செங்குத்துக்கு விடை என்ன என்று கேட்டாள். பலகையில் செய்து காட்டினேன்.

தாள்களோடு அவர் போன நாளில் நடந்த ஒன்றை டீச்சரிடம் நான் சொன்னதே இல்லை. அன்று காலை, அவரோடு போகலாம் என்று நானும் பஸ் தரிப்பிடம்வரை போனேன். பஸ் வந்தது. அவர் ஏறுவதை எதிர்க்கடையின் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஏறவில்லை. அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போகும் வரையில் அதைச் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். நான் விட்ட பிழையை, விட்டது தெரிந்த அன்றைக்கே, அதனால் பாதிக்கப்பட்டவருக்கு முன்னால் நின்று சொல்லிவிடுவது. வகுப்பில் இப்போது அது எனக்குக் கைவந்துவிட்டது. டீச்சருக்குச் சொல்வதில்தான் பிந்திவிட்டேன். அதனால் அவரை அறிந்த உங்களுக்கு முன்னால் சொல்கிறேன்.