பேர்னாட் காத்திருந்த மூன்றாவது குரல்

சிட்னியின் பென்டில் ஹில்லில் பேர்னாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. பஸ் ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. தனக்குப் பயம் என்பதே கிடையாது என்று அவரே சொல்லிக்கொண்டு திரிவார். ஆனால் மூடுபனியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாம் தரம் கேட்கும்வரை வாய் திறக்கமாட்டார். பேயால் இரண்டு தரம்தான் கூப்பிட முடியும் என்பது இலங்கையில், மன்னாரில் அவர் வீட்டு நம்பிக்கை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனிதர், இதையும் விட்டபாடில்லை.

போன ஜூலையில், அங்கே குளிர்காலம், ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பாலகிருஷ்ணனோடு சிட்னிக்குத் தெற்கே கடலோர மலைப்பாதைக்குச் சைக்கிளில் போனார். பாலா மதுரைக்காரன், கம்ப்யூட்டர் வேலை. இப்படியொரு சரிவில் அவன் இறங்கியதே இல்லை.

"பயப்பிடாதேங்கோ, பத்திரமாக் கொண்டு வந்து விடுவன்" என்று அவன் மனைவி கல்யாணியிடம் பேர்னாட் வாக்குக் கொடுத்திருந்தார்.

உச்சியில் கையுறைக்குள்ளேயே விரல்கள் விறைத்தன. பனியில் கடல் தெரியவில்லை, கீழே எங்கோ அது பாறையில் அறைகிற சத்தம் மட்டும். வீடு கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. பேர்னாட் முன்னால் இறங்கினார். இரண்டாவது வளைவில், வேலியில் வெள்ளையடித்த சைக்கிள் ஒன்று கட்டியிருந்தது. அங்கே விழுந்து செத்த யாருக்கோ வைத்த நினைவு. அதைத் தாண்டி நூறு மீட்டர் போயிருக்கமாட்டார்.

"பேர்னாட்!"

வளைவுப் பக்கமிருந்துதான் வந்தது. பாலாவோ? ஆனால் அவன் ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை, வாய்க்கு வாய் அண்ணேதான்.

"பேர்னாட்!"

பிரேக்கைப் பிடித்து நின்றார். மூன்றாவது வரவில்லை. மாதாவே என்று பிரேக்கை விட்டார். திரும்பியும் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் பத்து நிமிடம் நின்றார், இருபது, நாற்பது. டயர் பஞ்சராகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, வெட்கமில்லாமல் அழுதுகொண்டே சைக்கிளை மேலே தள்ளினார்.

வெள்ளைச் சைக்கிளுக்கு நேர் கீழே புதருக்குள் பாலா கிடந்தான். கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. அந்த வழியாக ஒரு கார் வந்து, ஆம்புலன்ஸுக்குத் தகவல் போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, பேர்னாட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் வார்டில் பாலா அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணேன்னா காத்துல கேக்காதுன்னு பேரையே சொல்லிக் கத்திட்டேன், மன்னிச்சுக்குங்க. ரெண்டு தடவைக்கு மேல மூச்சு வரல. உங்களுக்குக் கேக்கலையாண்ணே?"

"கேக்கேல்லை தம்பி."

"கேட்டிருந்தா ஓடி வந்திருப்பீங்க. கல்யாணிகிட்ட அதைத்தான் சொன்னேன்."

"ஓம்" என்றார் பேர்னாட்.