பாதியை வெட்டுகிற மச்சான்

என் அக்காவின் கணவரை எனக்கு ஆரம்பம் முதலே பிடிக்காது. தன் கல்யாணத்தன்றே நாற்காலிகள் அதிகம் என்று பாதியைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். என் நண்பர்கள் கால் கடுக்க நின்றார்கள்.

தரைப்படையில் வழங்கல் அதிகாரியாகக் குப்பை கொட்டிவிட்டுப் பயிற்சிக் கல்லூரிக்கு வந்தார். முப்படைகளின் வழங்கல் அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரு போருக்கு வேண்டிய எரிபொருள், மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்ந்து திட்டமிடக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. மாணவர்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல்.

விமானப்படையிலிருந்து நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் தலையெழுத்து. அந்தப் பயிற்சியில் தேறினால்தான் பதவி உயர்வு. வீட்டில் மச்சான், வகுப்பில் சார்.

முதல் நாளே எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டினார். மேலிடம் பாதியை வெட்டும் என்று தெரிந்தே மூன்று படைக்காரர்களும் இரண்டு மடங்கு கேட்கிறீர்கள், அதனால்தான் ஒருவன் கணக்கை இன்னொருவன் நம்புவதில்லை, அப்புறம் என்ன கூட்டுத் திட்டம் என்றார். திருட்டுப் பயல்கள் என்றுகூடச் சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

இறுதிப் பயிற்சியில், வரைபடத்தில் இருந்த ஒரு தீவுக்குப் படைகளை அனுப்ப வேண்டும். நான் திட்டக்குழுத் தலைவன். மேலிடம் அவர். தரைப்படைக்காரரிடமும் கடற்படைக்காரரிடமும் கெஞ்சிக் கூத்தாடி உண்மைக் கணக்கை வாங்கினேன். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். ஒரு பீப்பாய் டீசல்கூட மிகையில்லாமல் கேட்டோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாதியை வெட்டினார். சாயங்காலத்துக்குள் வரைபடத்தில் படகுகள் நின்றுவிட்டன, கள மருத்துவமனை இருண்டுவிட்டது, நான் தோற்றுவிட்டேன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"மச்சான், நீங்க சொன்னபடி உள்ளத உள்ளபடிதான் கேட்டோம். எதுக்கு வெட்டினீங்க?"

"சார்னு கூப்பிடு. உன்ன எனக்குத் தெரியாதா? ரெட்டிப்பாத்தான் கேட்டிருப்பே."

மறுமதிப்பீடு கேட்டேன். அவரே உட்கார்ந்து சரிபார்த்தார். எங்கள் கணக்கில் ஒரு துளி மிகையில்லை என்று அவருக்கே தெரிந்தது. வருத்தம் தெரிவிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. குறைத்த மதிப்பெண்ணில் பாதியைத் திருப்பித் தந்தார். தேறுவதற்கு அது போதவில்லை. பதவி உயர்வு போயே போய்விட்டது.

வயிற்றெரிச்சலோடு அக்கா வீட்டுக்குப் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவள் அரிசியை டப்பாவில் கொட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டாள். அப்புறம் எவ்வளவு மதிப்பெண் கேட்டாய் என்றாள். குறைத்ததை மட்டும்தான் கேட்டேன் என்றேன்.

அடிமுட்டாளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து, ஒரு மூட்டை அரிசி வேணும்னா நான் ரெண்டு மூட்டைன்னுதான் சொல்றேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?"