தாமதமாகப் பதறும் இதயம்

ஞானபூரணி விசில் அடித்தால் வெம்பக்கோட்டைச் சாலையில் போகிற லாரிகூட வேகத்தைக் குறைக்கும் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சாலையோரத்து உயர்நிலைப் பள்ளியில் அவள் உடற்பயிற்சி ஆசிரியை. நாற்பது வயதுவரை உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டவளில்லை. அப்புறம் வந்த ஒரு வைரஸ் காய்ச்சல் இதயத்தின் தசையையே தளர்த்திவிட்டது. படியேறினால் மூச்சு வாங்கியது. போகப்போகப் படுத்திருந்தாலும் வாங்கியது. கடைசியில் சென்னையில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயத்தை அவளுக்குப் பொருத்தினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்முன் டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

"ரத்தக் குழாய்களைத் தைச்சிட்டோம். மூளையிலேர்ந்து இதயத்துக்கு வர்ற நரம்புகளை அப்படித் தைக்க முடியாது. வேகத்தைக் கூட்டுற நரம்பும் கிடையாது, குறைக்கிற நரம்பும் கிடையாது. இதயம் தன்பாட்டுக்குத் துடிக்கும், மத்தவங்களைவிடக் கொஞ்சம் வேகமாவே. நீங்க ஓடினாலும் பயந்தாலும் அதுக்கு உடனே தெரியாது. அட்ரினலின் ரத்தத்துல கலந்து போய்த்தான் சொல்லணும். சில நிமிஷம் ஆகும். அடங்குறதுக்கும் நேரமாகும்."

"ஓடலாமா, கூடாதா? அதச் சொல்லுங்க."

"உடம்பு தேறினதும் ஓடலாம். மெதுவா ஆரம்பிச்சு, மெதுவா நிறுத்தணும்."

அது போதும் அவளுக்கு.

ஊரில் அப்படி யாரும் நினைக்கவில்லை. அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவன் அருள்பிரகாஷ், அவளைத் தண்ணீர்க்குடம் தூக்கவும் விடவில்லை. "எந்த வீட்டுப் பிள்ளையோட இதயமோ, பத்திரமா வச்சுக்கிட வேண்டாமா பூரணி?" என்றான்.

"பொத்தி வைக்கவா குடுத்தாக? பொழைக்கக் குடுத்தாக" என்று குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மாதக்கணக்கில் நடந்து, பிறகு கண்மாய்க்கரையில் மெல்ல ஓடிப் பழகி, மருத்துவர்கள் சம்மதித்த பிறகே பள்ளிக்குத் திரும்பினாள். தாளாளர் தேவாசீர்வாதம் எழுந்து வரவேற்றார். நல்ல மனுஷன்தான், பயந்த மனுஷன்.

"நீங்க லைப்ரரியப் பாத்துக்கிடுங்க டீச்சர். நிழல்ல இருக்கலாம்."

"நான் வெயில்ல நிக்கிறதுக்குப் படிச்சவ சார்."

"மைதானத்துல விழுந்துட்டீகன்னா யாரு பதில் சொல்றது?"

"விழுந்தா நான் சொல்றேன். விழுறதுக்கு முன்னால எதுக்கு ஒக்காரச் சொல்றீக?"

மறுநாள் காலை யாரையும் கேட்காமல் கழுத்தில் விசிலோடு மைதானத்தில் நின்றாள். தேவாசீர்வாதம் வராந்தாவிலிருந்து தினமும் பார்த்தார். அவள் கை நெஞ்சுப்பக்கம் போனால் அவருக்கு வேர்க்கும்.

ஆடி மாதத்தில் ஒருநாள், ஏழாம் வகுப்பு கோ-கோ ஆடிக்கொண்டிருந்தது. தாயில்பட்டிப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன. வேப்பமரத்துக்கு மேலே வெள்ளைப் புகை எழும்பியது. அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேரின் அப்பா அம்மா பட்டாசுக் கம்பெனிகளில்தான் வேலை பார்க்கிறார்கள். "எங்கம்மா!" என்று ஒருத்தி அலறியதும் மொத்தக் கூட்டமும் வாசல் கேட்டைப் பார்த்து ஓடியது. கேட்டுக்கு வெளியே லாரிகள் பறக்கும் சாலை.

ஞானபூரணிக்குப் பயம் வந்தது. வாய் உலர்ந்தது. நெஞ்சு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஒரே சீராகத் துடித்தது. கேட்டை மறித்து நின்று விசிலை ஊதினாள்.

"ஒரு பய வெளிய போகக் கூடாது! ஒக்காருங்க! யாரு அம்மா எந்தக் கம்பெனின்னு ஒவ்வொருத்தராச் சொல்லுங்க, நான் போன் போட்டுக் கேக்கேன்."

உட்கார்ந்தார்கள். இரண்டாவது போனிலேயே விவரம் கிடைத்தது. வெடித்தது ஆளில்லாத வெடிமருந்து அறை. யாருக்கும் உயிர்ச்சேதமில்லை என்று தெரிந்தது. பிள்ளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்கள். தேவாசீர்வாதம் இறங்கி வந்து, "கர்த்தர் காத்தாரு" என்று பெருமூச்சு விட்டார்.

எல்லாரும் அடங்கிய அந்த நேரத்தில்தான் ஞானபூரணியின் இதயம் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. தானறியாமல் கேட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

"பாத்தீகளா! இதுக்குத்தான் சொன்னேன். ஆட்டோ கூப்பிடவா?" என்று பதறினார் தாளாளர்.

"வேண்டாம் சார். இதுக்கு இப்பத்தான் சேதி போயிருக்கு."

"என்னது?"

"நீங்க அப்பமே பயந்து முடிச்சிட்டீக. இது இப்பப் பயப்படுது. தன்னால அடங்கும், என்கூட நடங்க."

மைதானத்தை இருவரும் மெதுவாகச் சுற்றினார்கள். நடக்க நடக்கப் படபடப்பு இறங்கியது. தேவாசீர்வாதத்துக்குத்தான் மூச்சு வாங்கியது. அதன்பின் லைப்ரரிப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை.

ஆனாலும் ஆண்டு விழாவில் ஆசிரியைகள் ஓட்டப்பந்தயத்துக்கு அவள் பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு, பந்தயத்துக்கு வெகு நேரம் முன்பே மைதான ஓரத்தில் ஓடத் தொடங்கினாள். "இப்பமே ஓடிக் களைச்சிருவீக டீச்சர்" என்று சின்ன டீச்சர் ஜாஸ்பின் சிரித்தாள்.

"எனக்கு இஞ்சின் சூடேறணும்டி" என்றாள். ஓட்டத்துக்குக் கூப்பிட்டதும் கோட்டில் போய் நின்றாள். பட்டியலில் இல்லாதவளை யாரும் விலக்கவில்லை.

ஜாஸ்பின்தான் ஜெயித்தாள். ஞானபூரணி மூன்றாவது. மற்றவர்கள் புல்லில் விழுந்து இளைப்பாற, அவள் நிற்காமல் நடையைத் தொடர்ந்தாள். மேடையிலிருந்து தாளாளர் மைக்கில் அவள் பெயரைச் சொன்னார். பரிசு வாங்க வரும்படி மறுபடியும் கூப்பிட்டார்.

"இருங்க சார், வாரேன்!" என்று கையை ஆட்டிவிட்டு, அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள்.