வானொலியில் வந்த எங்கள் வீட்டுக் கதை

கேரள எல்லையோரக் குன்னத்துகாலில் எனக்கொரு ஜெராக்ஸ் கடை உண்டு. ஆள் வராத நேரங்களில் கதை எழுதுவேன். சனிக்கிழமை மதியம் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் அழைத்துப் பேசும் மலையாள வானொலி நிகழ்ச்சி ஒன்றை விடாமல் கேட்பேன்.

அன்று வந்தவர் ஒரு நாவலாசிரியை. எல்லைக் கிராமங்களில் ஒரே வீட்டுக்குள் இரண்டு மொழிகள் எப்படி வாழ்கின்றன என்று பேட்டி எடுத்தவர் கேட்டார். பதிலுக்கு அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். ஒரு வீட்டில் கணவரின் மேலதிகாரி சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மனைவியின் அக்கா, தலையில் சக்கையோடு, அதாவது பலாப்பழத்தோடு, முற்றத்தில் வந்து நிற்கிறாள். யார் என்று அதிகாரி கேட்கிறார். "சக்கை விற்க வந்தவள்" என்கிறாள் தங்கை.

நான் மிஷினை நிறுத்தினேன். அந்தத் தங்கை என் அம்மா. அப்போது எனக்குப் பத்து வயது. அடுக்களை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். தமிழ்நாட்டு விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெரியம்மா அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, அதுவரை தமிழைத் தவிர எதுவும் பேசி நான் கேட்டிராத அவர், "சேச்சி, சக்க வேணோ? நல்ல வரிக்கயா" என்று சொந்தத் தங்கையையே அக்கா என்றழைத்து மலையாளத்தில் கேட்டு, பழத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதே சொற்கள் வானொலியிலும் வந்தன. ரேடியோவை அணைத்துவிட்டேன்.

பெரியம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. இந்தக் கதையை நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்: மைனியிடம், அதாவது என் அண்ணன் மனைவியிடம். அவர் பாறசாலையில் ஆசிரியை. நெய்யாற்றின்கரையில் நடக்கும் இலக்கியக் கூட்டங்களுக்கெல்லாம் போவார். மறுநாள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்ப் புத்தக அலமாரியைத் துழாவினேன். அந்த நாவலாசிரியையின் புத்தகம் இருந்தது, கையெழுத்தோடு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். மானம் போன கோபம் பாதி; நான் எழுத வைத்திருந்ததை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாளே என்பது மீதி.

மைனியிடம் எதையும் கேட்கவில்லை, சோதித்துப் பார்த்தேன். அப்பா ஒரு நாடகக்காரியைக் காதலித்ததாக ஒரு பொய்யைக் கட்டி, ரகசியம் என்று சொல்லி அவர் காதில் போட்டேன். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில், பேசுபவர் யாராக இருந்தாலும், எங்கள் அப்பா வருகிறாரா என்று காத்திருந்தேன். வரவில்லை. மைனி உஷாராகிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் போகும்போது அவர் போனைக் கவிழ்த்து வைத்தால்கூட அதற்கொரு அர்த்தம் கண்டுபிடித்தேன்.

கடைசியில் மைனியே கடைக்கு வந்தார்.

"எட்டி, மாமா நாடகக்காரிய காதலிச்சாருண்ணு சொன்னியே, அது பொய்யாக்கும் இல்லியா? எதுக்கு எனக்க கிட்ட பொய் சொன்ன?"

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபப்படவில்லை. "நீ அந்தப் பேச்ச முழுசா கேட்டியா?" என்று மட்டும் கேட்டு, இணையத்தில் கிடந்த பதிவைப் போனில் ஓடவிட்டார்.

நான் அணைத்த இடத்துக்குப் பிறகு நாவலாசிரியை சொல்லியிருந்தார்: கால்வலி சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் தானாகவே சொன்ன கதை இது. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போன தங்கையிடம் அக்கா மலையாளத்தில்தான் பேசினாராம். அதற்குப் பிறகு சாகும்வரை அவளிடம் ஒரு தமிழ்ச் சொல் பேசவில்லையாம்.

மறுநாள் நடந்தது அம்மாவுக்கு மட்டும்தானே தெரிந்திருக்கும். பெரியம்மா அம்மாவிடம் மலையாளம் பேசுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். மைனியின் கையைப் பிடித்தேன். "இனி சந்தேகம் வந்தா நேரா கேளு" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"சொன்னேன். ஆருகிட்டயாவது சொல்லணும்ணு தோணிச்சு."

"எனக்க கிட்ட சொல்லப்பிடாதா?"

"நீ கத எழுதுறவ இல்லியா மக்கா. நாலு பேரு வாசிக்க எழுதிப் போடுவ. அவளுக்கு நம்மள ஆருண்ணே தெரியாது. அதாக்கும் சொன்னேன்."

அந்தப் பெண்ணும் எழுத்தாளர்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"நீ இத எழுதுவியா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

அம்மா கீரைத் தண்டைக் கீழே வைத்துவிட்டு, நம்பாதவர்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.