காய்ச்சல் என்று சொன்ன ஞாயிறு

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. விவாகரத்துக்கு மனுப் போட்டுவிட்டு ஆறு மாதம் சும்மா இரு என்றால் எப்படி இருப்பது? இருவரும் சம்மதித்துப் போட்ட மனுதான். என் நகை திரும்பி வந்துவிட்டது. மகள் பேரில் அவர் பேங்கில் போடவேண்டியதையும் பேசி முடித்திருந்தோம். ஆறு வயது மகள் ராஜபாளையத்தில் என்னோடு இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுந்தரபாண்டியத்தில் அவளுடைய அப்பாவிடம். ஆறு மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மறுபடி போய் நின்று சம்மதம் சொன்னால் முடிந்தது. அதற்குள் நானே கெடுத்தேன்.

மகளுக்குக் காது குத்தியிருக்கவில்லை. அப்பா வழிக் குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவது எங்கள் வழக்கம். எங்கள் சண்டையில் அது வருடக்கணக்காகத் தள்ளிப்போயிருந்தது. திருப்பூரிலிருந்து லீவில் வந்த என் அண்ணன் சொன்னான்: "ஏட்டி, எனக்கு இந்த ஒரு ஞாயித்துக்கிழமதான். அவிய சாமி முன்னாடிதான் குத்தணும்னா இந்தச் சென்மத்துல நடக்காது."

அது அவருடைய ஞாயிறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவருக்கு போனில் சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துச் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் குத்திவிட்டோம். சாயங்காலமே அண்ணன் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான், அவரும் பார்த்துவிட்டார். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

அடுத்த வாய்தாவில் அவர் சம்மதம் இல்லை என்றார். அதோடு நிற்கவில்லை, பிள்ளையைத் தன்னிடம் கொடுக்கவேண்டும் என்றார். ஜட்ஜ் எங்களைக் கோர்ட்டிலேயே இருக்கும் குடும்பநலக் கவுன்சிலரிடம் பேசிவிட்டு வரச்சொன்னார். உள்ளே போகும் முன் என் வக்கீல் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காது குத்துனது தப்பில்ல. பொய் சொல்லி அப்பாட்ட அனுப்பாம வச்சதுதான் தப்பு. அவரு தனியா கேஸ் போட்டா இதத்தான் மொதல்ல காட்டுவாரு. மன்னிப்புக் கேளுங்க, அதுக்கு மேல ஒத்த வார்த்த பேசாதீங்க."

உள்ளே அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் உட்கார முடியாமல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் கத்துவார், பதிலுக்கு நாலு கேட்கலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"பிள்ள அழுதாளா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அழுதாள், சமாதானமாகிவிட்டாள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்யே என்னைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

"அழுதா. அப்பா வேணும், அப்பா வேணும்னு உங்களத்தான் கூப்புட்டா. நானும் அண்ணனும் பிடிச்சு அமுக்கித்தான் குத்துனோம்."

கவுன்சிலர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வக்கீல் எதைச் சொல்லாதே என்றாரோ அதையே முழுசாகச் சொல்லிவிட்டேன். என் மகளை நானே தூக்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்தேன்.

அவள் அப்பா என் பக்கம் திரும்பினார். பிறகு, "காது பழுத்திருச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. தேங்காண்ண போட்டுவிடுதேன்."

"ஞாயித்துக்கிழம மட்டும் மாறக்கூடாது," என்றார். வெளியே போய் ஜட்ஜ் முன்னால் சம்மதம் சொன்னார், கையெழுத்துப் போட்டார். பிள்ளை என்னிடமே என்று ஆனது. வக்கீல் அம்மா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் இருப்புக்கொள்ளவில்லை. கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் இப்போதும் ராத்திரி அவள் காதுக்கு எண்ணெய் தொட்டு வைக்கும்போது, "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், யாரைக் கூப்பிடப்போகிறாள் என்று.