மறந்துவிட்டேன் என்று சொன்னேன்

நான் மறக்கவில்லை. பதுளை மண்டபத்தில் பாதிப் பாட்டில் நின்றுபோனேனே, அப்போது ஒவ்வொரு சுரமும் என் தொண்டையில் தயாராக இருந்தது. மறந்துவிட்டேன் என்று ஒரு மனிதரிடம் பொய் சொன்னேன். அவர் நம்பினார். இன்றுவரை நம்புகிறார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்த நான், பதுளையில் ஆசிரியையாக வேலை கிடைத்து ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். பாட்டெழுதுவேன். எழுதியதை எனக்கு நானே பாடிக்கொள்வேன்.

சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர்; அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். வயலினில் கர்நாடக இசையும் மேல்நாட்டு இசையும் கற்றவர். இரண்டிலும் அடங்காத ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். பாடசாலை விழாவில் என் குரலைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"தேவகி, நீங்கள் எழுதின பாட்டொண்டைத் தருவீங்களோ? அதுக்கு மெட்டுப் போடப் போறதில்லை. அதைப் பிரிச்சுப் பாக்கப் போறன்."

லயத்துத் தகரக் கூரையில் விடிய விடியப் பெய்யும் மழையைப் பற்றிய என் பாட்டைக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் தேவாலயத்தின் பின்கட்டில் ஒத்திகை பார்த்தோம். அவருடைய வயலின் அடுத்தடுத்த இரண்டு சுரங்களை ஒன்றோடொன்று உரசவிட்டு நீளமாக இழுக்கும். அவற்றின் நடுவே நான் உதடு மூடி 'ம்' என்று மட்டும் தொடங்கி, வெகுநேரம் கழித்துத்தான் 'மழை' என்ற சொல்லுக்கு வந்து சேர வேண்டும். பிடித்துக்கொள்ள ராகமில்லை, தாளமில்லை. என் மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அவர் வில்லைத் திருப்புவார்.

முதலில் பயந்தேன். பிறகு... எப்படிச் சொல்வேன்? என் தனிமையை ஒருவர் காது கொடுத்துக் கேட்பது போலிருந்தது. காதலா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைகளுக்காகவே மற்ற நாட்களைக் கடத்தினேன்.

நகரத்துக் கலை விழாவில் அதை அரங்கேற்ற இடம் கிடைத்தது. புதிய இசைக்கென்று கொழும்பில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்துகொண்டிருந்த பியானோக் கலைஞர் ஒருவர், எங்களைக் கேட்பதற்கென்றே மலையேறி வந்திருந்தார். என் மாணவர்கள் வந்திருந்தார்கள். கொழுந்து பறிக்கும் என் அம்மாவும் முதல் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நான் உதடு மூடி 'ம்' என்று தொடங்கினேன். பின்வரிசையிலிருந்து யாரோ மாடு கத்துவதுபோல் 'ம்மா' என்றான். சிரிப்பு. இன்னொருவன் பதிலுக்குக் கத்தினான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. என் மாணவர்களும் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் நிறுத்தினேன். ஒரு மூச்சு எடுத்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு முருகன் பாட்டைத் தொடங்கினேன்.

மண்டபமே கைதட்டித் தாளம் போட்டது. சிவநேசனின் வில் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் என் சுருதிக்கு இறங்கி வந்து, அந்தப் பாட்டைக் கூடவே வாசித்தார்... என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு!

மேடைக்குப் பின்னால் கேட்டார், "என்ன நடந்தது?"

"மறந்து போச்சுங்க சார்."

அவர் வயலினைப் பெட்டியில் வைத்தார். "உங்களில பிழையில்லை. நான்தான் மனிசர் பாடேலாத மாதிரி எழுதிப்போட்டன்."

அப்போது பியானோக் கலைஞர் உள்ளே வந்தார். கேட்டவரைக்கும் பிடித்திருந்தது, கொழும்பில் முழுவதும் பாடுவீர்களா என்றார். சிவநேசன் தலையசைத்து மறுத்தார். அது பாடக்கூடிய இசையல்ல, தான் தவறாக எழுதிவிட்டதாகச் சொன்னார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அம்மாவின் மானத்துக்காகச் செய்தேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. அது மட்டும்தானா? மறுபடி பாடினால் மறுபடி சிரிப்பார்களே என்ற பயம் இல்லையா? இரண்டும் இருந்தன.

அதன்பின் அவர் இசை எழுதவில்லை. சனிக்கிழமைகள் நின்றன. இடமாற்றம் கேட்டு மொனராகலைக்குப் போய்விட்டார். எனக்கோ திருவிழா, கல்யாணம் என்று மேடை குறையவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைப் பாடினேன். பாடி முடித்து வந்து, பூட்டிய அறையைத் திறக்கும்போது உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு பதுளை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். நரைத்திருந்தார்.

"இன்னும் பாடுறீங்களோ?"

"கோயில் திருவிழாவுல பாடுறேங்க. நீங்க எழுதுறீங்களா சார்?"

"இல்லை, அதை விட்டிட்டன்." கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "அண்டைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால உங்களை வெக்கப்படுத்திப்போட்டன். இப்பவும் மனசில கிடக்கு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சொல்லியிருக்கலாம். அவருடைய பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. நடத்துநர் வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் சார். மனசுல வச்சுக்காதீங்க," என்றேன்.

அவர் கைகூப்பினார். பாரம் இறங்கியவரைப்போல் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகச் சிரித்தார்.

ஆம், நான் அவரை மன்னித்தேன். என் குற்றத்துக்காக அவரை மன்னித்து அனுப்பினேன்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லையே... அதனால்தான்.